தாங்கும் ஊர்

வேலங்குப்பத்தின் படம்தான் சுகிர்தாவுக்கு முனைவர் பட்டம் வாங்கித் தந்தது. வானத்திலிருந்து எடுத்த படம். நான்கு வருடங்களுக்கு முந்தைய புயல் கரையைக் கடந்த மூன்றாம் நாள், விளக்கு வைக்கிற நேரம். கடற்கரை முழுவதும் கரியைப் பூசிய மாதிரி இருண்டு கிடக்க, முகத்துவாரத்துக்குத் தெற்கே ஒரே ஓர் ஊர் மட்டும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதுவும் புயலுக்கு முன்னால் இருந்ததைவிட அதிக வெளிச்சத்தோடு. கலெக்டர் ஆபீஸிலேயே மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அரசாங்கம் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு மீனவக் குப்பம் தானாக எழுந்து நின்றுவிட்டது. படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அடேயப்பா என்றார்கள்.

அந்த அடேயப்பாவை எண்ணாக மாற்றியதுதான் சுகிர்தாவின் ஆராய்ச்சி. அடி வாங்கிய ஊர் எவ்வளவு சீக்கிரம் தானாக எழுகிறது என்பதை, இரவு வெளிச்சம் எத்தனை நாளில் திரும்புகிறது என்பதை வைத்துக் கணக்கிட்டாள். பூஜ்யத்திலிருந்து நூறு வரை. அதற்குத் தாங்கு எண் என்று பெயர் வைத்தவர் அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் தணிகாசலம். வேலங்குப்பத்தின் எண் தொண்ணூற்று நான்கு. மாநிலத்திலேயே அதுதான் முதலிடம்.

முதலிடத்துக்கு என்ன பரிசு என்று கேட்டால் அங்கேதான் விஷயம் இருக்கிறது. பேரிடர் நேரத்தில் எந்தக் கதவணையைத் திறப்பது, பேருந்துகளை எங்கே அனுப்புவது, மீட்புப் படகு யாருக்கு முதலில் என்பதையெல்லாம் முடிவு செய்ய அரண் என்று ஒரு இயந்திர மூளையை அரசாங்கம் வைத்திருந்தது. அரணுக்குத் தாங்கு எண்ணை ஊட்டினார்கள். தாங்காத ஊருக்கு உதவி முதலில் போகும், தாங்கும் ஊருக்குக் கடைசியில். கேட்டால் நியாயமாகத்தான் தெரியும். வெள்ளத்தை ஏதாவது ஒரு பக்கம் திருப்பித்தான் ஆகவேண்டும் என்றால், தாங்கும் ஊர்ப் பக்கம் திருப்பும். அதுவும் கேட்டால் நியாயமாகத்தான் தெரியும், அந்த ஊரில் நாம் இல்லாதவரை.

ஆராய்ச்சிக்காக சுகிர்தா வேலங்குப்பத்துக்கு ஒரே ஒரு நாள் போயிருந்தாள். மாதிரிக்கு முப்பது வீடு. இளஞ்சியம் என்கிற மீன் வியாபாரி வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு. வஞ்சிரம் வறுவலும் இறால் தொக்கும் வைத்து, போதும் போதும் என்ற பிறகும் போட்டாள். சுகிர்தா கையைக் கழுவிக்கொண்டு கேள்வித்தாளை எடுத்தாள். புயலுக்குப் பிறகு உங்கள் வீட்டில் எத்தனையாம் நாள் விளக்கு எரிந்தது? இளஞ்சியம் யோசிக்காமல் சொன்னாள், "மூணாம் நாளே போட்டுட்டோம் பாப்பா." முப்பது வீட்டிலும் அதே பதில். படமும் பதிலும் அச்சாகப் பொருந்தியதில் சுகிர்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எத்தனையாம் நாள் என்று கேட்டாளே தவிர, எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆவணி மாதம் சுகிர்தாவின் அப்பா இறந்துபோனார். விருத்தாசலத்தில் பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். சவுண்ட் சர்வீஸ்காரர் வந்து வாசலில் சாமியானா போட்டு, இரண்டு பக்கமும் டியூப் லைட் கட்டிவிட்டுப் போனார். மறுநாள் அடித்த காற்றில் டிரான்ஸ்பார்மர் வெடித்துத் தெருவே இருட்டானது. செத்த வீடு இருட்டாக இருக்கக் கூடாது என்று சவுண்ட் சர்வீஸ்காரர் யாரும் சொல்லாமலே ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வைத்தார்.

அடுத்த நாள் காலை, அழுது ஓய்ந்த வீட்டில், மனதை வேறெங்காவது திருப்பலாம் என்று சுகிர்தா லேப்டாப்பைத் திறந்தாள். அரணுக்காகப் புதிதாக ஏவியிருந்த செயற்கைக்கோளின் சோதனைப் படங்கள் வந்திருந்தன. தனித்தனி வீட்டின் வெளிச்சம்கூடத் தெரிகிற துல்லியம். அவள் தன் தெருவைத் தேடினாள். தெரு இருண்டிருந்தது, நடுவில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி. பக்கத்தில் அரண் எழுதியிருந்தது: மீண்ட வீடு.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்துவிட்டாள். உள்ளே படுத்திருந்த அம்மா பயந்து எழுந்து வந்தாள்.

"என்னடி?"

"நம்ம வீடு நல்லாயிட்டுதுன்னு சொல்லுதும்மா."

"எந்தப் பாவி சொல்றது அப்படி?" என்றாள் அம்மா.

சுகிர்தாவின் சிரிப்பு சட்டென்று அடங்கியது. வேலங்குப்பத்தின் படம் கண்முன் வந்து நின்றது. இளஞ்சியத்தின் போன் நம்பர் அவளிடம் இருந்தது. கூப்பிட்டாள்.

"அக்கா, போன புயலப்போ மூணாம் நாளே லைட்டு போட்டோம்னு சொன்னீங்கல்ல. எதுக்குப் போட்டீங்க?"

"எதுக்குன்னா?" இளஞ்சியத்துக்குக் கேள்வியே புரியவில்லை. "போன ஆளு திரும்பி வரணும்ல பாப்பா. கரவெளக்கு. யாரு வூட்டு ஆளு கடலோட போயிட்டாங்களோ, அவுங்க வூட்டுல மூங்கில் நட்டு, கடலப் பாக்க லைட்டு கட்டணும். பதினாறு நாளு. ஆளு வந்தா அவுக்கலாம், இல்லன்னா பதினாறாம் நாளு காரியம் பண்ணிட்டு அவுக்கலாம்."

"ஆனா எல்லா வீட்லயும் எரிஞ்சுதேக்கா."

"ஒரு வூட்டு வெளக்கு கடலுக்குத் தெரியுமா? ஊரே போட்டாத்தான் தெரியும். படகுக்கு வெச்சிருந்த டீசலையெல்லாம் அதுக்குத்தான் ஜெனரேட்டர்ல ஊத்துனோம். நாலு பேரு அந்த வெளிச்சத்தப் புடிச்சு வந்து சேந்தாங்க. எம்புருசன் வரல." பிறகு அவளே கேட்டாள், "ஏன் பாப்பா, குரலு ஒரு மாதிரி இருக்கு. உங்க வூட்ல யாருக்காவது ஏதாச்சுமா?"

சுகிர்தா சொன்னாள். இளஞ்சியம் போனிலேயே அழுதாள். முன்பின் பார்க்காத மனிதருக்காக அவள் அழுத அழுகையைக் கேட்டபோது, தொண்ணூற்று நான்கு என்கிற எண் சுகிர்தாவின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. அந்தக் கடற்கரையிலேயே அதிகம் பேரைப் பறிகொடுத்த ஊரைத்தான் அவள் அதிகம் தாங்கும் ஊர் என்று எழுதி வைத்திருக்கிறாள்.

பேராசிரியர் தணிகாசலம் கெட்டவர் இல்லை. மாணவர்கள் சாப்பிட்டார்களா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார். சுகிர்தா சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஒரு ஊருதானேம்மா?"

"மீனவ ஊர் எல்லாமே இருக்கலாம் சார். போய்க் கேட்டாத்தான் தெரியும்."

"கேட்டு, திரும்பக் கணக்குப் போட்டு, திரும்ப எழுதி. ஒரு வருஷம். உதவித்தொகை போன மாசத்தோட முடிஞ்சுது. அப்பாவும் இல்ல. அரணைப் பாத்துக்கற பேரிடர் ஆணையத்துல உனக்குன்னு ஒரு வேலை காலியா வெச்சிருக்காங்க, வைவா முடிஞ்சாத்தான் சேர முடியும். எல்லாத்தையும் யோசிச்சியா?"

"அந்த எண்ணை வெச்சுத்தானே சார் மதகு திறப்பாங்க."

"அதனாலதான் சொல்றேன். வெளியில நின்னு கத்துனா யாரு கேப்பா? வைவாவ முடி. உள்ள போ. உள்ள போயி உன் கையால திருத்து. ஏழாவது அத்தியாயத்துல, ஆய்வின் வரம்புகள்னு இருக்கே, அதுல ஒரு வரி சேத்துடு. பொய் சொன்ன மாதிரியும் ஆகாது."

சேர்த்தாள். 'இரவு வெளிச்சத்துக்குப் பண்பாட்டுக் காரணங்களும் இருக்கக்கூடும்.' ஊரே சேர்ந்து டீசலை ஊற்றி எரித்த விளக்குகள் அந்த ஒரு வரிக்குள் அடங்கிப்போயின.

புரட்டாசியில் வாய்மொழித் தேர்வு நடந்தது. பொதுத் தேர்வு, யார் வேண்டுமானாலும் வரலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அழைப்பிதழில் போட்டிருக்கும். வருகிறவர்கள் சமோசாவுக்கும் காபிக்கும் வருவார்கள், கேட்கிறவர்கள் வழிகாட்டியைப் புகழ்வதற்குக் கேட்பார்கள். வெளியூர்த் தேர்வாளர் மட்டும் ஆய்வேட்டை நிஜமாகவே படித்திருந்தார். வேலங்குப்பத்துப் படம் திரையில் வந்தபோது கையை உயர்த்தினார்.

"ஒரே ஒரு சந்தேகம். புயலுக்கு முன்னாடி இருந்ததைவிடப் பின்னாடி வெளிச்சம் அதிகமா இருக்கே. திரும்பி வந்தா பழைய அளவுக்குத்தானே வரணும்? இது எப்படி?"

அரங்கில் அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் குங்குமம் இல்லாத அந்த முகம் சுகிர்தாவுக்கு இன்னும் பழகவில்லை. கடவுளாகப் பார்த்துக் கேட்க வைத்த கேள்வி அது. ஒரு நிமிடம் வாய் திறந்து உள்ளதைச் சொல்லியிருந்தால் போதும். சுகிர்தா தண்ணீர் குடித்தாள்.

"அதுதான் சார் சமூகப் பிணைப்பு. அடி விழுந்த பிறகு அந்த ஊர் முன்னைவிட நெருக்கமா சேர்ந்து நிக்குது. ஒருத்தருக்கு ஒருத்தர் வெளிச்சம் குடுத்துக்கறாங்க."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அதுதான் கொடுமை. தேர்வாளர் தலையை ஆட்டிப் பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். பேராசிரியர் சால்வை போர்த்தினார்.

உள்ளே போய்த் திருத்திவிடலாம் என்றுதான் அவளும் உண்மையாக நினைத்தாள். வேலையில் சேர்ந்த முதல் வாரம் அடையாள அட்டை, கணினி, மேலதிகாரிகளுக்கு வணக்கம் என்று போயிற்று. இரண்டாம் வாரம் அமைச்சர் வருகை. புது ஆள் வந்ததும் வராததுமாகத் தன் எண்ணையே தப்பென்று சொன்னால் என்ன நினைப்பார்கள் என்று இன்னும் இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். ஐப்பசி முதல் தேதி பூட்டு விழுந்துவிட்டது.

பூட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு காலத்தில் வெள்ளம் வந்தால் ஆளுங்கட்சிக்காரர் போன் போட்டு, என் ரைஸ்மில் பக்கம் தண்ணீர் வரக் கூடாது, அந்தப் பக்கம் திறந்துவிடு என்பார். ஏழைகள் பக்கமே எப்போதும் மதகு திறந்தது. ஜனங்கள் மறியல் செய்து, வழக்குப் போட்டு, கடைசியில் வாங்கிய உரிமைதான் இந்தப் பூட்டு. மழைக்காலம் தொடங்கி முடிகிறவரை அரணுக்குள் எந்த மனிதனும் கை வைக்க முடியாது, முதலமைச்சரே வந்தாலும் முடியாது. வானத்திலிருந்து தெரிவதை மட்டும் வைத்து அது முடிவெடுக்கும். ஜனங்கள் பட்டாசு வெடித்துக் கொண்டாடிய பூட்டு அது. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

கார்த்திகையில் புயல் வந்தது. கட்டுப்பாட்டு அறையில் நின்று சுகிர்தா பார்த்துக்கொண்டிருந்தாள். மேலணையிலிருந்து தண்ணீர் பொங்கி வர, அரண் பேருந்துகளை ஊர் ஊராக அனுப்பியது. வேலங்குப்பத்துக்குப் பேருந்து இல்லை, குறுஞ்செய்திதான் போயிற்று: தாங்களே பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும். மத்தியானம் கதவணையின் தெற்கு வாய்க்கால் திறந்தது. வடக்கே இருந்த நகரம் தப்பியது. தெற்கே பாய்ந்த வெள்ளம் வேலங்குப்பத்தைச் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போனது.

"சார், அந்த ஊரோட எண் தப்பு," என்றாள் பொறியாளர் பஷீரிடம்.

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். "உங்க எண்தானே மேடம் அது?"

இரண்டாம் நாள் காற்று அடங்கியது. செல்போன் கோபுரங்கள் விழுந்துவிட்டதால் தெற்கிலிருந்து ஒரு தகவலும் இல்லை. பொழுது சாய்ந்தது. திரையில் கரை முழுவதும் இருட்டு. அப்போது முகத்துவாரத்துக்குத் தெற்கே ஒரு புள்ளி முளைத்தது. பக்கத்தில் இன்னொன்று. சற்று நேரத்தில் வேலங்குப்பம் முழுவதும் ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. போன தடவையைவிட ஒரு நாள் முன்னதாகவே.

அறையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். யாரோ சுகிர்தாவின் தோளில் தட்டி, "உங்க ஊரு எழுந்துட்டுது மேடம்," என்றார்கள். அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் அந்த விளக்குகளைப் படிக்கத் தெரியும். அத்தனை விளக்கு எரிகிறது என்றால் எத்தனை பேர் போனார்களோ! திரையில் எழுத்து வந்தது. வேலங்குப்பம்: மீண்டது. உதவி தேவையில்லை.

அவள் கடலோரக் காவல் படைக்குப் போன் போட்டாள். அரண் சொன்னால் கிளம்புகிறோம் என்றார்கள். தீயணைப்புத் துறையிலும் அதே பதில். பஷீர்தான் இரக்கப்பட்டு வழி சொன்னார்.

"மனுஷன் சொன்னா கேக்காது மேடம். வெளிச்சம் சொன்னாத்தான் கேக்கும். ஊர் மொத்தமும் ரெண்டு மணி நேரம் தொடர்ந்து இருட்டாயிட்டா, ஊர் விழுந்துட்டுதுன்னு அதுவாவே எடுத்துக்கும். அப்புறம் ஹெலிகாப்டர், படகு, டாக்டர் எல்லாம் விடியறதுக்குள்ள போயிடும். ஆனா நடுவுல மறுபடி எரிஞ்சா, எழுந்துட்டுதுன்னு நிறுத்திடும்."

மூன்றாம் நாள் அவள் கிளம்பினாள். ரோடு அரித்துப்போன இடம்வரை டிராக்டர், அப்புறம் வாடகைப் படகு. தண்ணீர் கேன்கள் படகு கொண்ட மட்டும் ஏற்றிக்கொண்டாள். ஊரை அடைந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வீடுகளில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. மணல்மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில்தான் ஜனங்கள் இருந்தார்கள். குடிதண்ணீர்க் கிணறுகளில் உப்பு ஏறி, குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் ஆரம்பித்திருந்தது. சுவர் விழுந்து இடுப்பு நசுங்கிய ஒரு கிழவர் முனகிக்கொண்டே இருந்தார். தெருவில் வரிசையாக மூங்கில் கம்புகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் கடலைப் பார்த்தபடி ஒரு விளக்கு.

இளஞ்சியம் அவளைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "வந்துட்டியா பாப்பா. நீயாவது வந்தியே."

முகத்துவாரத்தில் கட்டியிருந்த படகுகளைக் காப்பாற்ற ஆண்கள் படகிலேயே இருந்திருக்கிறார்கள். காற்றைத் தாங்கிவிட்டார்கள். மத்தியானம் வாய்க்காலில் பொங்கி வந்த வெள்ளம் கயிறுகளை அறுத்து, படகுகளை ஆட்களோடு கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. இளஞ்சியத்தின் மகன் பரணியும் அதில் ஒருவன். ஒரே பிள்ளை.

"தேடறதுக்கு ஒருத்தரும் வரல," என்றார் ஊர்த் தலைவர் சிங்காரம். அவருடைய தம்பியும் போயிருந்தார். "மூணு நாளா வானத்தையே பாத்துகிட்டுக் கெடக்கோம். ஏன் வரல? நாங்க என்ன பாவம் பண்ணோம்?"

சுகிர்தா சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. ஊர் எழுந்துவிட்டதாக இயந்திரம் நினைத்துக்கொண்டிருக்கிறது என்றாள்.

"எதப் பாத்து அப்புடி நெனைக்குது?"

"கரவெளக்கு வெளிச்சத்தைப் பாத்து."

பள்ளிக்கூட வராந்தாவில் இருந்தவர்கள் தெருப் பக்கம் திரும்பினார்கள். வெளியே ஜெனரேட்டரை இழுத்து விட்டார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு வந்தன. இளஞ்சியம் சுகிர்தாவின் கையை மெல்ல விட்டாள்.

"அன்னிக்கே போன்ல கேட்டியே பாப்பா, எதுக்கு லைட்டுன்னு. அப்பவே சொன்னேனே."

"சொன்னீங்க அக்கா."

இளஞ்சியம் திட்டியிருந்தால் சுகிர்தாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பூட்டு விழுவதற்கு முன் ஒரே ஒரு எண்ணை மாற்றியிருந்தால் முடிந்திருக்கக்கூடிய காரியம். தும்பை விட்டுவிட்டு இப்போது வாலைப் பிடிக்க வந்திருக்கிறாள். வாலைப் பிடித்தாவது நிறுத்த வேண்டுமே என்று, சொல்ல வந்ததைச் சொன்னாள். இன்று ஒரே ஒரு ராத்திரி விளக்கையெல்லாம் அணைக்க வேண்டும்.

வராந்தா கொதித்தது. "ஆளு வர்றதுக்கு முன்னாடி கரவெளக்க அணைக்கறதா? பெத்தவங்க அணைப்பாங்களா?" என்று ஒரு பெண் எழுந்தாள். சிங்காரம் கையைக் காட்டி அமர்த்தினார். வயிற்றோட்டத்தில் துவண்டு கிடந்த பிள்ளைகளைப் பார்த்தார். முனகிக்கொண்டிருந்த கிழவரைப் பார்த்தார்.

"அணைச்சா, தேடறதுக்கு ஹெலிகாப்டர் வருமா?"

"வரும்."

"வெளக்கு வெச்சா அவன் வந்தாத்தான் உண்டு. ஹெலிகாப்டர் வந்தா நாமளே போயி எடுத்தாந்துடலாம்," என்றார் சிங்காரம், ஊருக்குப் பொதுவாக. தலைவர் சொன்னால் சொன்னதுதான். முதலில் தன் தம்பி வீட்டு விளக்கை அவரே போய் அணைத்தார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

தெரு ஒன்றொன்றாக அவிந்துகொண்டு வந்தது. கடைசியில் இளஞ்சியத்தின் விளக்கு மட்டும் எரிந்தது. அவள் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஊர் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. சுகிர்தா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு ராத்திரிதானே பாப்பா?"

"ஒரு ராத்திரிதான் அக்கா."

"நெசமா கெளம்பி வருவாங்களா?"

"வருவாங்க. அந்த எண்ணு நான் போட்டது. அது என்ன செய்யும்னு எனக்குத் தெரியும்."

இளஞ்சியம் கடலை ஒரு முறை பார்த்தாள். வயரை உருவிவிட்டாள். ஊரும் கடலும் ஒன்றாகிப்போயின.

சுகிர்தா சொன்னது சொன்னபடி நடந்தது. கிழக்கு வெளுக்கும்போதே ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. படகுகள் வந்தன, தண்ணீர் வந்தது, டாக்டர்கள் வந்து கிழவரைத் தூக்கிப் போனார்கள். பிள்ளைகளுக்குக் குளுக்கோஸ் ஏறியது. ஜனங்கள் சுகிர்தாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக அவள் கற்ற கல்வி ஒரு மனிதனுக்கு உபயோகப்பட்டது என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் மத்தியானம்வரை நிலைத்தது.

மத்தியானம் கடலோரக் காவல் படகு, ஊருக்குத் தெற்கே இருந்த மணல்திட்டிலிருந்து ஒருவனை உயிரோடும் இருவரைப் பிணமாகவும் கொண்டுவந்து இறக்கியது. உயிரோடு இருந்தவன் தினகர், பரணியின் கூட்டாளி. உப்பில் உதடு வெடித்து, பேச்சு இழுத்தது. மூன்று நாளாகக் கடலில் அடித்துக்கொண்டு போய், காற்று மாறியதில் திரும்பக் கரைப் பக்கம் வந்திருக்கிறார்கள். இன்ஜின் செத்துவிட்டது. துடுப்பு ஒன்றுதான் மிச்சம்.

"நேத்து பொழுது சாயும்போது வெளிச்சம் தெரிஞ்சிது," என்றான் தினகர். சுற்றி ஊரே நின்றது. "பரணிதான் மொதல்ல பாத்தான். ஊரு வெளக்கு போட்டுட்டாங்கடான்னு கத்தினான். அதப் பாத்தே மாத்தி மாத்தித் துடுப்பு போட்டோம். அப்பறம் ஒண்ணொண்ணா அவிய ஆரம்பிச்சிது. ஏன்னு தெரியல. கட்டக்கடசியா ஒண்ணே ஒண்ணு இருந்துது. பரணி சொன்னான், அது எங்கம்மா போட்டது, அது அவியாதுன்னு. அதப் புடிச்சே வந்தோம். அதுவும் அவிஞ்சிருச்சி. தெச தெரியாம திட்டுல மோதிட்டோம்."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இளஞ்சியம் மகனின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவன் காதோரம் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்கத் துடைக்க மணல் வந்தது.

சுகிர்தா தள்ளி நின்றாள். யாராவது வந்து அடித்தால் தேவலை என்று இருந்தது. சிங்காரம் வந்தார், அவள் முன்னால் நின்றார், நகர்ந்து போனார். அவருடைய தம்பி இன்னும் கிடைக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் பரணியையும் மற்றவனையும் அடக்கம் செய்துவிட்டார்கள். பொழுது சாயும்போது ஊர் மறுபடி விளக்கு வைத்தது. இன்னும் வராதவர்கள் இருந்தார்கள், பிணமாக வந்து சேர்ந்தவர்களும் இருந்தார்கள். நிவாரணப் படகில் வந்த டீசல் தாராளமாக இருந்ததால் தெருமுனைகளிலும் கட்டினார்கள். இனி ஒரு வீட்டு விளக்கும் அவியாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொரு கம்பத்தடியிலும் ஓர் ஆள் காவலுக்கு உட்கார்ந்தது.

சுகிர்தாவின் கைப்பெட்டியில் இருந்த லேப்டாப் கூவியது. காவல் படகில் வந்த இணைப்பில் அரண் பேசிக்கொண்டிருந்தது. அந்தமானுக்குத் தெற்கே புதிய தாழ்வு நிலை, ஐந்து நாளில் இதே கரைக்கு. கதவணை முன்னேற்பாடு: தெற்கு வாய்க்கால். அவள் அவசரமாக வேலங்குப்பத்தின் பக்கத்தைத் திறந்தாள். ஊர் விழுந்துவிட்டது என்று நேற்று அது எழுதியதல்லவா, எண் தரைக்கு இறங்கியிருக்க வேண்டும்.

எண் ஏறியிருந்தது. தொண்ணூற்று ஒன்பது. கீழே காரணமும் எழுதியிருந்தது. முழு இருளிலிருந்து முழு வெளிச்சத்துக்கு ஒரே நாளில் மீண்டுள்ளது. இதுவரை பதிவான மீட்சிகளில் இதுவே மிக விரைவானது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். திருத்துவதற்கு அவளிடம் இருந்த ஒரே வழி, நேற்று இளஞ்சியத்தின் வீட்டு வாசலில் முடிந்துபோயிருந்தது. இந்த ஊரைப் பார்த்து இன்னொரு முறை விளக்கை அணையுங்கள் என்று சொல்ல, அவளுக்கு நாக்கு எழாது.

"பாப்பா."

இளஞ்சியம் கூப்பிட்டாள். குளித்துத் தலை ஈரமாக இருந்தது. ஒரு கையில் டியூப் லைட், மறு கையில் வயர். மூங்கில் கம்பம் சேற்றில் சாய்ந்திருந்தது.

"அவந்தான் வந்துட்டானேக்கா," என்றாள் சுகிர்தா. "இன்னும் எதுக்கு?"

"அவன் வந்துட்டான். தலைவர் தம்பி வரலல்ல." இளஞ்சியம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். "ஒரு வூட்டு வெளக்கு கடலுக்குத் தெரியாது. அந்தக் கம்பத்தக் கொஞ்சம் நிமித்திப் புடி."

சுகிர்தா திரையை மடக்கி மணலில் வைத்தாள். சேற்றில் இறங்கி, இரண்டு கையாலும் கம்பத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். இளஞ்சியம் வயரைச் சொருகினாள். விளக்கு எரிந்தது.